ஒரு தலைப்பைக் கூடி மறுவடிவமைப்பது எப்படி: பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கில் தீவிலும் பெருநிலமான செபராங் பிறையிலுமாக 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் சிறிய பள்ளிகளில் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்புதான் இருக்கும், ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். பணித்தியக் கூட்டம், அதாவது பாட ஆசிரியர் குழுவின் கூட்டம், நடக்கும். ஆனால், "மூன்றாம் ஆண்டில் பின்னம் நடத்தினேன், பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை, உங்கள் வகுப்பில் எப்படி?" என்று கேட்க அந்தப் பள்ளியில் ஆள் இருக்காது. பக்கத்துப் பள்ளியிலும் ஒருவர் தனியாக உட்கார்ந்து அதே பயிற்றியை (மாட்யூலை) தயாரித்துக்கொண்டிருப்பார். இந்த வழிகாட்டி அந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கானது.

இங்கே சொல்லும் முறைக்கு 10 வாரம், 6 கூட்டம், நான்கைந்து ஆசிரியர்கள் போதும். ஒரு பாடம் முழுவதையும் அல்லது ஓர் ஆண்டு முழுவதையும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு தலைப்பு. அதற்கான பாடத்திட்டம், துணைப்பொருள், பயிற்சித்தாள் அடங்கிய ஒரு தொகுப்பு முடிவில் கையில் இருக்கும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் ஆண்டுக் கணிதத்தில் 'பின்னம், தசமம், விழுக்காடு' என்ற தலைப்பின் முதல் பகுதியான பின்னத்தை வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறோம். தமிழ்மொழிக்கும் அறிவியலுக்கும் இதே படிகள் பொருந்தும்.

எதில் கை வைக்கலாம்?

டி.எஸ்.கே.பி. என்னும் கலைத்திட்டத் தர, மதிப்பீட்டு ஆவணத்தில் உள்ள உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், அடைவுத் தரம் ஆகிய மூன்றும் நம் கையில் இல்லை. அவற்றைக் குறைக்கவோ விடவோ முடியாது. ஒரு தலைப்புக்குள் எதை முதலில் நடத்துவது, எதற்கு எத்தனை பாடவேளை, எந்த எடுத்துக்காட்டு, எந்தப் பயிற்றுத் துணைப்பொருள், வகுப்பறை மதிப்பீட்டுக்கு எதைச் சான்றாக வைப்பது ஆகியவற்றை ஆசிரியர்கள் தீர்மானிக்கலாம். பாடநூல் ஒரு கருவி. அதன் பக்க வரிசைதான் கற்பிக்கும் வரிசை என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல குழுக்கள் இந்த ஒரு விஷயம் தெரியாமலே பாடநூலை அப்படியே பயிற்றியாக மாற்றி எழுதிவிட்டு, மறுவடிவமைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன.

2027-இல் முதலாம் ஆண்டில் புதிய கலைத்திட்டம் தொடங்கவிருக்கும்போது இப்போது உழைப்பது வீணாகாதா என்ற கேள்வி வரும். ஆகாது. தரங்களின் எண்கள் மாறலாம். 1/8 என்பது 1/4-ஐவிடப் பெரியது என்று ஒரு மாணவன் நினைப்பது மாறப்போவதில்லை. ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் போதும்: கற்றல் தரத்தின் எண்ணை ஒவ்வொரு பயிற்சித்தாளிலும் அச்சிடாமல், தொகுப்பின் முகப்புப் பக்கத்தில் ஓர் அட்டவணையாக வையுங்கள். நாளை எண் மாறினால் ஒரு பக்கத்தைத் திருத்தினால் போதும்.

முதல் படி: ஆட்களும் நேரமும் (1-ஆம் வாரம்)

நால்வர் அல்லது ஐவர். ஏழு பேரானால் எல்லாருக்கும் பொருந்தும் நேரமே கிடைக்காது. இந்த ஆண்டு அந்தத் தலைப்பை நடத்தப்போகும் இருவர் கட்டாயம் வேண்டும், அதுவும் வெவ்வேறு பள்ளியிலிருந்து. நான்காம் ஆண்டு ஆசிரியர் ஒருவர் வேண்டும். மூன்றாம் ஆண்டில் எது ஒட்டவில்லை என்பதை அடுத்த ஆண்டு சுமப்பவர் அவர்தான். குறைநீக்கல் ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மற்றவர்கள் 'கவனக்குறைவு' என்று தள்ளும் பிழைக்குள் என்ன இருக்கிறது என்பதை அவரே நன்கு அறிவார்.

மூன்று பொறுப்புகளைப் பெயரிட்டுக் கொடுங்கள்: கூட்டத்தை நடத்துபவர், குறிப்பெடுப்பவர், இறுதி வடிவத்தைத் தீர்மானிப்பவர். மூன்றாமவரை நியமிக்க எல்லாரும் தயங்குவார்கள். அவர் இல்லாவிட்டால் ஒரே பயிற்சித்தாளுக்கு நான்கு வடிவம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

தலைமையாசிரியர்களிடம் பொத்தாம்பொதுவாக 'பி.எல்.சி. (தொழில்முறைக் கற்றல் சமூகம்) நடத்த அனுமதி' என்று கேட்காதீர்கள். ஆறு கூட்டங்களின் தேதி, பள்ளி நேரத்தில் நடக்கும் இரண்டு வகுப்புப் பார்வைகளின் தேதி, அன்று யாருடைய வகுப்பை யார் பார்த்துக்கொள்வார் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தேதியோடு போகும் கடிதத்துக்குப் பதில் விரைவில் வரும்.

தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வருபவர்கள் ஒவ்வொரு முறையும் பாலம் கடந்து வர வேண்டியதில்லை. நான்கு கூட்டங்களை கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமா கணக்கின் வழி இணையத்தில் நடத்தலாம். பயிற்சிப் புத்தகங்களைப் பார்க்கும் கூட்டமும் வகுப்புப் பார்வைக்குப் பிந்திய கூட்டமும் நேரில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம்.

இரண்டாம் படி: பயிற்சிப் புத்தகங்களைத் திறப்பது (2-ஆம் வாரம்)

இந்தப் படியைத் தாண்டிப் போகும் குழுக்களே அதிகம். எல்லாரும் கேன்வா வடிவமைப்புச் செயலியைத் திறந்து அழகிய வார்ப்புருவைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று தெரியாமல் எழுதும் பயிற்றி எவ்வளவு அழகாக இருந்தாலும் குருட்டாம்போக்குதான்.

ஒவ்வொருவரும் சென்ற ஆண்டு அல்லது இந்த ஆண்டு மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களில் 10 கொண்டு வாருங்கள். நன்றாகச் செய்பவர், நடுவில் இருப்பவர், தடுமாறுபவர் என மூன்று வகையும் கலந்திருக்கட்டும். பெயர் எழுதிய அட்டையைத் தாளால் மூடிவிடுங்கள். கூடவே 20 நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சிறு தாளை எல்லாப் பள்ளியிலும் ஒரே வாரத்தில் கொடுத்து வாங்குங்கள். மதிப்பெண் வேண்டாம். இப்படிப்பட்ட கேள்விகள் போதும்:

'நான்கில் மூன்று' என்பதை எண்ணால் எழுதுக.
1/4, 1/8 இரண்டில் எது பெரியது? எப்படித் தெரியும்?
சமமில்லாத நான்கு துண்டுகளாக வெட்டிய ஒரு ரொட்டி சானாயின் படம். ஒரு துண்டு 1/4 ஆகுமா?
0 முதல் 1 வரை உள்ள எண்கோட்டில் 3/4-ஐக் குறித்திடுக.
1/2 + 1/4 = ?

பிறகு சரியான விடைகளை ஒதுக்கிவிட்டு, தவறுகளை மட்டும் வகைப்படுத்துங்கள். 'தவறு, எத்தனை பேர், ஏன் இப்படி நினைத்திருப்பார்கள்' என்று மூன்று கட்டம் உள்ள பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாம் கட்டத்தில்தான் கூட்டத்தின் பெரும்பகுதி நேரம் போக வேண்டும். 'கவனக்குறைவு', 'அடிப்படை இல்லை' என்ற இரண்டு சொற்களையும் அந்தக் கட்டத்தில் எழுதக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அவை காரணத்தைத் தேட விடாமல் செய்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 'நான்கில் மூன்று' என்றதும் 4/3 என்று எழுதும் மாணவரைப் பாருங்கள். அவர் காதில் விழுந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறார். தமிழில் பகுதி எண் (கோட்டின் கீழே உள்ளது) முதலில் வருகிறது: நான்கில், பிறகு மூன்று. எழுதும்போதோ மேலிருந்து கீழே வருகிறோம். மலாயில் 'தீகா பெர் எம்பாட்' என்று தொகுதி எண்ணே (மேலே உள்ளது) முதலில் வருவதால் அங்கே இந்த முரண் இல்லை. நம் மாணவர்கள் இரண்டு மொழியிலும் கேட்கிறார்கள். ஆகவே இது மொழியோடு பிறந்த சிக்கல், இதற்கு மலாய், ஆங்கிலப் பயிற்றிகளில் மருந்து கிடைப்பது அரிது. தீர்வு எளிது. முதலில் கோட்டைப் போடு, 'நான்கில்' என்று சொல்லிக்கொண்டே கோட்டின் கீழே 4 எழுது, 'மூன்று' என்று சொல்லிக்கொண்டே மேலே 3 எழுது. சொல்லும் வரிசையிலேயே கை போகட்டும். முதல் இரண்டு பாடங்களில் எல்லாரும் இப்படி எழுதுவதை வழக்கமாக்கிவிட்டால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும்.

1/8 பெரியது என்பவர் 8 என்ற எண்ணைப் பார்த்துச் சொல்கிறார். இதற்கு நம் மொழியிலேயே கைவிளக்கு இருக்கிறது. 1/4 என்பது கால், 1/8 என்பது அரைக்கால். 'கால் பெரிதா, காலில் பாதியான அரைக்கால் பெரிதா?' என்று கேட்டுப் பாருங்கள். சொல்லே விடையைச் சொல்லிவிடும். அரைக்கால் தேர்வுக்கு வராத சொல் என்று ஒதுக்க வேண்டாம், ஐந்து நிமிடப் பீடிகைக்கு இதைவிட நல்லது இல்லை.

சமமில்லாத துண்டையும் 1/4 என்பவர்கள், நாம் எப்போதும் சமமாக வெட்டிய படங்களையே காட்டியதால் துண்டுகளை எண்ண மட்டும் கற்றவர்கள். 1/2 + 1/4 = 2/6 என்பவர்கள் மேலும் கீழும் தனித்தனி எண்களாகப் பார்க்கிறார்கள். பின்னத்தை எண்கோட்டில் ஓர் இடமாக அவர்கள் பார்த்ததே இல்லை.

மூன்றாம் படி: கடைசிச் செயலை முதலில் எழுதுவது (3-ஆம் வாரம்)

தலைப்பு முடியும் நாளில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? அதை முதலில் எழுதுங்கள். கணிதத்தில் 1 முதல் 6 வரை உள்ள அடைவுநிலைகளில் 4 என்றால் வழக்கமான பிரச்சனைக் கணக்கைத் தீர்ப்பது, 6 என்றால் வழக்கமில்லாத ஒன்றைத் தன் வழியில் தீர்ப்பது. இந்த இரண்டு நிலைக்கும் ஒவ்வொரு செயலை எழுதிவிட்டால் நடுவில் உள்ளவை தானாக அமையும். எழுதிய செயலைக் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்து பாருங்கள். பிறகு ஒரு மாணவரின் விடையை எல்லாருக்கும் காட்டி, எந்த அடைவுநிலை என்று மறைத்து எழுதச் சொல்லுங்கள். ஒருவர் 3 என்றும் இன்னொருவர் 5 என்றும் எழுதியிருப்பார்கள். அந்த வேறுபாட்டைப் பேசித் தீர்க்க ஒதுக்கும் அரை மணி நேரம், ஆண்டு முழுவதும் மதிப்பீட்டை நேர்மையாக வைத்திருக்கும். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, ஒரு பள்ளியின் 4-உம் இன்னொரு பள்ளியின் 4-உம் ஒன்றுதானா என்று காட்ட இப்படிப்பட்ட உரையாடலைத் தவிர நம்மிடம் அதிகமில்லை.

அடுத்து வரிசை. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு சிறு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி நகர்த்திப் பாருங்கள். உங்கள் நேர அட்டவணையில் அந்தத் தலைப்புக்கு ஒரு மணி நேரப் பாடங்கள் 14 கிடைக்கும் என்றால் 12-க்கு மட்டும் எழுதுங்கள். தைப்பூச விடுமுறை, விளையாட்டுப் போட்டி, திடீர்க் கூட்டம் என்று இரண்டு போய்விடும். போகாவிட்டால் குறைநீக்கலுக்கும் வளப்படுத்தலுக்கும் ஆகும்.

நான்காம் படி: எழுதுவது (4 முதல் 6-ஆம் வாரம் வரை)

ஆளுக்கு ஒரு பயிற்சித்தாள் என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பேர் எழுதிய ஐந்து தாள்கள் ஐந்து பள்ளிக்கூடம்போல இருக்கும். ஒருவர் ஒரு பாடத்தை முழுமையாக எழுதட்டும்: நாள் பாடத்திட்டம், துணைப்பொருள், பயிற்சித்தாள், விடை. இன்னொருவர் அதைத் தன் வகுப்பில் நடத்துவதாக எண்ணிப் படித்து, தயங்கும் இடங்களில் கோடிடட்டும்.

எழுதத் தொடங்குமுன் 15 முதல் 20 சொற்கள் கொண்ட கலைச்சொல் பட்டியலைப் பாடநூலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுத் தளங்களிலிருந்து எடுத்த பயிற்சியில் 'சதவீதம்' என்றிருக்கும், நம் பாடநூலில் 'விழுக்காடு'. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்க்கும் மாணவர், இரண்டும் வெவ்வேறு என்றே நினைப்பார்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பழைய பயிற்றிகள் பல ஒருங்குறிக்கு (யுனிகோடுக்கு) முந்திய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை புரியாத குறிகளாகத் தெரியும், கூகுள் டாக்ஸில் ஏற்றினாலும் அதே கதை. அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். புதிதாக எழுதுவது எல்லாம் ஒருங்குறியில், ஒரே எழுத்துருவில். மூன்றாம் ஆண்டுக்கு 16 புள்ளி அளவு, ஒரு பக்கத்தில் 6 கேள்விக்கு மேல் வேண்டாம். செய்வதற்கு இடம் விடாத பயிற்சித்தாளில் மாணவர் ஓரத்தில் குறுக்கி எழுதுவார், பிழை எங்கே நேர்ந்தது என்று உங்களுக்கே தெரியாது. பள்ளியில் நகல் எடுப்பது பெரும்பாலும் கருப்பு வெள்ளையில். 'சிவப்புப் பகுதி எத்தனை?' என்ற கேள்வி அங்கே செத்துவிடும். நிறத்துக்குப் பதிலாகக் கோடு, புள்ளி, வெறுமை என்று வேறுபடுத்துங்கள்.

துணைப்பொருளில் ஒன்றை முழுமையாகச் சொல்கிறோம்: பின்னப் பட்டைகள். ஏ4 அட்டையை அகலவாக்கில் வையுங்கள். ஒவ்வொரு பட்டையும் 24 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். ஏன் 24? பாதி 12, மூன்றிலொன்று 8, கால் 6, ஆறிலொன்று 4, அரைக்கால் 3, பத்திலொன்று 2.4. எல்லாமே அளவுகோலில் சரியாக விழும். 25 அல்லது 20 எடுத்தால் மூன்றிலொன்று வரும்போது இழுபறி. முழுப் பட்டை ஒன்றும் மேற்சொன்ன ஆறும் சேர்ந்து ஏழு பட்டைகள் 17.5 செ.மீ. உயரத்தில் அடங்கும், 21 செ.மீ. தாளில் மேலும் கீழும் விளிம்புக்கு இடம் இருக்கும். 30 மாணவர் உள்ள வகுப்புக்கு இருவருக்கு ஒன்றாக 15 தாள், தொலைவதற்கு 3, மொத்தம் 18. அட்டை சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை இருந்தால் கசங்காது.

அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பை நீக்கி, 100 விழுக்காட்டில் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் 24 செ.மீ. பட்டை 23-ஆகச் சுருங்கிவிடும். பட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வரை தெரியாது, அளவுகோல் வைக்கச் சொல்லும் பாடத்தில்தான் குட்டு வெளிப்படும். முதல் தாளை அச்சிட்டதும் அளந்துவிட்டு மற்றதை அச்சிடுங்கள். பட்டைகளில் 1/2, 1/4 என்று எண்களை அச்சிட வேண்டாம். மாணவர்களே மடித்துப் பார்த்து எழுதட்டும், கோடு முதலில், பகுதி எண் அடுத்து, தொகுதி எண் கடைசி.

பதிப்புரிமையையும் இப்போதே பாருங்கள். கதைப்புத்தகப் பக்கத்தையோ தனியார் பயிற்சி நூலையோ நகலெடுத்துத் தொகுப்பில் சேர்த்துப் பல பள்ளிக்கு அனுப்புவது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் சிக்கலைத் தரும். படம் வேண்டுமென்றால் நீங்களே எடுங்கள். சௌராஸ்தா சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் ஜாதிக்காய், உணவுக்கடையில் வெட்டிய ரொட்டி சானாய், இவை எந்தப் படக் களஞ்சியத்தையும்விட நம் மாணவருக்கு நெருக்கம். மாணவர் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் எழுத்துப்பூர்வமாக இசைந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: ஒரு பாடத்தை எல்லாரும் பார்ப்பது (7 முதல் 9-ஆம் வாரம் வரை)

12 பாடங்களில் மிகக் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் வேரூன்றிய முறை இது. நம் பி.எல்.சி. நடவடிக்கைகளிலும் பாட ஆய்வு என்ற பெயரில் இருப்பதுதான். சிக்கல் என்னவென்றால், நம்மில் பலருக்கு வகுப்பின் பின்னால் ஒருவர் உட்கார்ந்தாலே கண்காணிப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. அதைக் களைய இரண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்று, பாடம் குழுவுடையது. ஆகவே பேசும்போது 'நீங்கள் கொடுத்த கேள்வி' என்று சொல்லாமல் 'நாம் கொடுத்த கேள்வி' என்று சொல்லிப் பழகுங்கள்.

இரண்டு, பார்வையாளர்கள் பார்க்க வேண்டியது மாணவர்களை. ஒவ்வொரு பார்வையாளருக்கும் மூன்று மாணவர்கள். கையில் உள்ள தாளில் நேரமும் மாணவர் செய்ததும் சொன்னதும் மட்டும் இருக்க வேண்டும், கருத்து வேண்டாம். '9.14: பட்டையை மூன்றாக மடிக்க முயன்றார், நான்காக மடித்துவிட்டு ஒன்றைக் கிழித்தார். 9.16: பக்கத்து மாணவரிடம், ஏய், மூணா மடிக்கவே முடியல.' இப்படி. இந்த ஒரு குறிப்பே, மூன்றிலொன்றை மடித்துக் காட்டச் சொல்லும் நம் நடவடிக்கை தப்பு, 8 செ.மீ. அளந்து கோடிடச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டிவிடும். 'மாணவர்கள் ஆர்வத்துடன் ஈடுபட்டனர்' என்ற குறிப்பை வைத்து எதையும் திருத்த முடியாது. பார்வையாளர் மாணவருக்கு உதவக்கூடாது. கை பரபரக்கும், ஆனால் உதவினால் எங்கே தடை என்பது மறைந்துவிடும்.

கூட்டம் அன்றே நடக்கட்டும். நடத்தியவர் முதலில் பேசுவார், ஐந்து நிமிடம். பிறகு குறிப்புகளைப் படிப்பார்கள். கடைசி 20 நிமிடத்தில் மூன்று திருத்தம் மட்டும் முடிவு செய்யுங்கள். பத்துத் திருத்தம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. எட்டாம் வாரம் திருத்தம், ஒன்பதாம் வாரம் அதே பாடத்தை இன்னொரு பள்ளியில் வேறொருவர் நடத்துகிறார். முதல் முறை தீவில் என்றால் இரண்டாம் முறை பெருநிலத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: குழுவில் இல்லாதவரிடம் கொடுப்பது (10-ஆம் வாரம்)

தொகுப்பை எடுத்துக் குழுவோடு தொடர்பே இல்லாத ஒரு மூன்றாம் ஆண்டு ஆசிரியரிடம் கொடுங்கள், முடிந்தால் பணியில் புதிதாகச் சேர்ந்தவரிடம். வாயால் எதையும் விளக்காதீர்கள். அவர் படித்துவிட்டுக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தொகுப்பில் விடுபட்ட ஒரு வரி. பெரும்பாலும் மூன்று இடங்களில் கேள்வி வரும்: இந்த நடவடிக்கைக்கு எத்தனை நிமிடம், மாணவர் இந்தத் தவறைச் செய்தால் என்ன சொல்வது, முடித்துவிட்ட மாணவருக்கு அடுத்து என்ன. அவற்றை அந்தந்தப் பாடத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள். குறிப்பாக இரண்டாவது. எதிர்பார்க்கும் பிழையும் அதற்குக் கேட்க வேண்டிய கேள்வியும்தான் இந்தத் தொகுப்பின் உயிர், இணையத்தில் கிடைக்கும் ஆயிரம் பயிற்சித்தாளில் இல்லாதது அதுதான்.

கோப்புகளுக்கு ஒரே பெயர் முறை: ஆண்டு, பாடம், தலைப்பு, பாட எண், திருத்த எண். 'கணிதம் புதியது கடைசி 2' என்ற பெயரில் எதுவும் இருக்கக்கூடாது. திருத்தக்கூடிய கோப்பையும் பி.டி.எஃப்.பையும் சேர்த்து வையுங்கள். கோப்புகள் எல்லாம் ஒருவர் கணக்கில் மட்டும் இருந்தால், அவர் பணி ஓய்வு பெற்றுக் கணக்கு மூடப்படும் நாளில் தொகுப்பும் போய்விடும். ஒவ்வொரு பள்ளியின் பணித்தியக் கோப்பிலும் ஒரு படி இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்பது உங்கள் எண்ணமானால், அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறிப்பாக முகப்பில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு பாடத்தின் பின்பக்கத்திலும் பாதிப் பக்கம் காலியாக விடுங்கள். நடத்தியவர் தேதியும், எத்தனை நிமிடம் ஆனது, எங்கே நின்றது என்ற இரண்டு வரியும் எழுத வேண்டும். பாடம் முடிந்ததும் சிந்தனை மீட்சியில் எழுதுவதையே இங்கேயும் எழுதலாம், கூடுதல் வேலை இல்லை. அடுத்த ஆண்டு அதே தலைப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பு குழு ஒரே ஒரு முறை கூடி அந்தப் பாதிப் பக்கங்களைப் படிக்கட்டும். அந்தக் கூட்டத்தின் தேதியைப் பத்தாம் வாரத்திலேயே நாள்காட்டியில் குறித்துவிட்டுக் கலையுங்கள்.